பிட்யூட்டரி கட்டியா? ஆபரேஷனுக்கு முன் இதைப் படிங்க

"தலைக்குள்ள பிட்யூட்டரியில் கட்டி இருக்கு" என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்தாலே வீடே கலங்கிப் போகும். ஆனால் அந்த இடத்தில் தெரியும் கட்டி எல்லாம் ஒரே வகை இல்லை. சிலவற்றுக்கு மாத்திரையே போதும். சிலவற்றில் தெரியாமல் கை வைப்பதே ஆபத்து. அதனால் சிகிச்சையைவிட முதலில் முக்கியம், அது என்ன கட்டி என்று சரியாகக் கண்டுபிடிப்பதுதான்.

பட்டாணி அளவு சுரப்பி

மூளையின் அடியில், மூக்குக்கு நேர் பின்னால், சின்ன எலும்புக் குழிக்குள் இருக்கிறது பிட்யூட்டரி. தைராய்டு, அட்ரினல், சினைப்பை போன்ற சுரப்பிகளுக்கு உத்தரவு போடுவது இதுதான். இங்கே வரும் கட்டிகளில் பெரும்பாலானவை 'அடினோமா'. பொதுவாகப் புற்றுநோய் அல்லாதவை. கட்டி பெரிதானால் மேலே இருக்கும் பார்வை நரம்பை அழுத்தும். பக்கவாட்டுப் பார்வை குறையும். தலைவலி, மாதவிடாய் நின்றுபோவது, பிரசவம் ஆகாமலே பால் சுரப்பது போன்றவையும் அறிகுறிகள்.

ஆனால் கிரேனியோஃபேரிஞ்சியோமா, மெனிஞ்சியோமா, பிட்யூசைட்டோமா, வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோய், காசநோய்க் கட்டி, ரத்தக்குழாய் வீக்கம் ஆகியவையும் ஸ்கேனில் அடினோமா மாதிரியே தெரியலாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பிறகும் சுரப்பியில் வரும் அழற்சியும் கட்டி போலவே காட்டும்.

டாக்டர்கள் எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள்?

1. ரத்தப் பரிசோதனை: புரோலாக்டின் ஹார்மோன் மிக அதிகமாக இருந்தால், அதைச் சுரக்கும் அடினோமாவாக இருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் முதல் சிகிச்சை மாத்திரைதான். கொஞ்சம் மட்டும் கூடியிருந்தால், வேறொரு கட்டி சுரப்பியின் காம்பை அழுத்துவதும் காரணமாக இருக்கலாம். தைராய்டையும் பார்க்கணும். தைராய்டு குறைவு நீண்ட நாள் கவனிக்கப்படாமல் போனால் பிட்யூட்டரியே வீங்கி, கட்டி மாதிரி தெரியும். தைராய்டு மாத்திரை எடுத்தால் அந்த வீக்கம் வற்றிவிடும், ஆபரேஷனே தேவைப்படாது. கார்டிசால் அளவும் பார்க்கப்படும்.

2. தாகம்: அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர் குடிப்பது - சர்க்கரை நோய் இல்லாமல் இவை இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்க. அடினோமாவில் ஆபரேஷனுக்கு முன் இது அரிது. இருந்தால் வேறு நோயாக இருக்கும் சந்தேகம் வலுக்கும்.

3. ஸ்கேன்: மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. சுரப்பியைத் தெளிவாகக் காட்டும். சி.டி.யில் சுண்ணாம்புப் படிவு தெரிந்தால் கிரேனியோஃபேரிஞ்சியோமா பக்கம் யோசிப்பார்கள். ரத்தக்குழாய் வீக்கமா என்று சந்தேகம் இருந்தால் ரத்தக்குழாய்களுக்கான ஸ்கேனும் எடுப்பார்கள். அடினோமா என்று நினைத்து அதைத் திறந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

4. திசுப் பரிசோதனை: சில அரிய கட்டிகளை ஸ்கேன் மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. பிட்யூசைட்டோமா அப்படிப்பட்டது. ரத்த ஓட்டம் மிகுந்த கட்டி என்பதால் ஆபரேஷனில் ரத்தப்போக்கு அதிகம் வரலாம். எடுத்த திசுவை 'டி.டி.எஃப்-1' என்ற சாயப் பரிசோதனை செய்தால்தான் அடினோமாவிலிருந்து பிரித்தறிய முடியும்.

நீங்கள் செய்ய வேண்டியது

* எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள சி.டி.யைப் பத்திரமா வையுங்க. எழுத்து ரிப்போர்ட் மட்டும் போதாது.
* ரத்த ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாகப் போட்டோ எடுத்து, செல்போனில் ஒரே ஃபோல்டரில் வைங்க.
* "புரோலாக்டினும் தைராய்டும் பார்த்தாச்சா? கண் டாக்டர் பார்வைப் புலம் சோதித்தாரா?" என்று தயங்காமல் கேளுங்க. கேட்பது உங்கள் உரிமை.
* ஆபரேஷன் முடிந்தால் திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்க. சந்தேகம் இருந்தால் அதே திசு மாதிரியை இன்னொரு நிபுணரிடம் காட்டலாம்.
* மாத்திரையை நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

திடீரென்று தாங்க முடியாத தலைவலியோடு பார்வையும் மங்கினால் காத்திருக்காதீங்க; உடனே 108-ஐ அழையுங்கள். மற்ற மருத்துவ ஆலோசனைக்கு 104. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்று மருத்துவமனையிலுள்ள திட்டப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.