வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில்



லயத்துக் காம்பராவில் இருந்த காலத்தில் விறகு இஸ்தோப்பிலும், மண்வெட்டி கட்டிலுக்கடியிலும், பசளைச் சாக்கு அடுப்படியிலும் கிடந்தன. வேறு இடம் இருக்கவில்லை. மண்சரிவால் இடம்பெயர்ந்து 7 பேர்ச் காணியில் தனி வீடு பெற்றவர்களில் பலர் அதே பழக்கத்தைப் புது வீட்டுக்குள்ளும் கொண்டுவந்திருக்கிறார்கள். 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீட்டுக்கு 550 சதுர அடி போனாலும், 6 அடி அகலம் 8 அடி நீளத்தில் ஒரு கொட்டில் போட இடம் மிஞ்சும். தச்சர் தேவையில்லை. இரண்டு பேர் சேர்ந்தால் சில நாட்களில் முடிக்கலாம்.

முதலில் இடம். இதில்தான் நாம் பெரும்பாலும் பிழை விடுகிறோம். நான் போய்வந்த ஒரு குடியிருப்பில் ஒருவர், சமதரை வேண்டுமென்று வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டை மூன்றடி உள்ளே வெட்டி விறகுக் கொட்டில் போட்டிருந்தார். அடுத்த மழையில் மேடு இறங்கிக் கொட்டிலை நிரப்பிவிட்டது. இரவு நேரம், உள்ளே யாரும் இல்லை. “ஃபாதர், சரிவுக்குப் பயந்து ஓடிவந்து, நானே ஒரு சரிவை வெட்டி வச்சிட்டேன்” என்றார் அவர்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை பெய்தபோது மலையகம் முழுவதும் மறுபடி அதையே கண்டோம். ஆகவே மேட்டை வெட்ட வேண்டாம். மேடு எத்தனை அடி உயரமோ, குறைந்தது அத்தனை அடி தள்ளிக் கொட்டிலைப் போடுங்கள். நிலம் சரிவாக இருந்தால் பள்ளப் பக்கத்துத் தூண்களை நீளமாக வைத்துச் சமாளிக்கலாம். நிலத்தில் புதிதாக வெடிப்பு தெரிந்தாலும், இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பினாலும், மரங்கள் சாயத் தொடங்கினாலும் வேலையை விட்டுவிட்டு கிராம உத்தியோகத்தரிடம் போங்கள்.

காணி உறுதி இன்னும் கைக்கு வராதவர்கள் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது. கோழிக்கூட்டுக்கும் அனுமதி கேட்டுப் பழகிய நமக்கு இது கசப்புத்தான். ஆனால் கட்டியதைப் பிடுங்கச் சொன்னால் இன்னும் கசக்கும்.

தூணுக்கு நாலு அங்குலப் பருமனான யூக்கலிப்டஸ் கம்பு ஆறு போதும். முன்னால் மூன்று 9 அடியிலும், பின்னால் மூன்று 8 அடியிலும் இருக்கட்டும். இது சமதரைக் கணக்கு. பின்பக்கம் நிலம் எத்தனை அடி இறங்குகிறதோ அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒளி தெரியும் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பிடித்தால் மட்டம் சரியாகத் தெரியும். எல்லாத் தூணும் இரண்டடி மண்ணுக்குள் போக வேண்டும். அந்த அடிப்பகுதியை வெளித்தோல் கருகும்வரை நெருப்பில் சுட்டு, குழியில் ஒரு தட்டைக்கல்லின் மேல் நிறுத்தி, சுற்றிலும் சல்லி போட்டு இடியுங்கள்.

கூரைக்கு 8 அடித் தகரம். முன்னே உயரம், பின்னே தாழ்வு. இரு பக்கமும் ஓரடி அளவு வெளியே நீளும். ஆணியைத் தகரத்தின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். ஆணியை மட்டும் நம்பாமல், கூரைக் கம்புகளைக் கட்டுக்கம்பியால் தூண்களோடு இறுக்கிக் கட்டுங்கள். ஆனி, ஆடிக் காற்றை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூரைத் தண்ணீர் பள்ளப் பக்கமாக விழட்டும். அங்கே ஒரு கான் வெட்டி, கல் பதித்த பெரிய கானோடு சேர்த்துவிடுங்கள். கீழ்வீட்டுக்காரர் தலையில் விடக்கூடாது.

சுவருக்கு மரக்காலையில் கழித்துப்போடும் புறப்பலகை போதும். தரையில் எதையும் வைக்காதீர்கள். ஓரடி உயரத்தில் பலகைத் தட்டு போட்டால் பசளை ஈரம் இழுக்காது, எலி ஒளியாது. கவ்வாத்து மிலாறை வெளியே பின் கூரையின் கீழ் அடுக்கலாம்.

உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் ஒரு பக்கச் சுவரைப் பலகைக்குப் பதிலாக நெருக்கமான வலையால் அடையுங்கள். விதைக்கிழங்கை இருட்டில் சாக்கில் கட்டி வைத்தால் முளை வெள்ளையாக நூல்போல நீண்டு, நடும்போது முறியும். நேர்வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் படும்படி, சட்டம் அடித்த தட்டுகளில் இரண்டு மூன்று கிழங்கு உயரத்துக்குப் பரப்பி வைத்தால் முளை குட்டையாக, பச்சையாக, உறுதியாக இருக்கும். பெரு நாட்டின் லீமாவிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு நிலையம் 1970களில் இந்த முறையைப் பரப்பத் தொடங்கியது. இலங்கை விவசாயிகளும் ஏற்றுக்கொண்டார்கள். வலை, வைரஸ் நோயைக் கொண்டுவரும் அசுவினியையும் கிழங்கு அந்துப்பூச்சியையும் தடுக்கும். ஆனால் வெளிச்சத்தில் பச்சையான கிழங்கு நஞ்சு; அதைக் கறிக்கு எடுக்கக்கூடாது. கறிக்கிழங்கை இருட்டில் வேறாக வையுங்கள்.

பூச்சிமருந்துக்கு ஒரு தனிப் பெட்டி, பூட்டோடு, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். திறப்பு வீட்டில் பெரியவர் ஒருவர் கையில் இருக்கட்டும்.