மீன் சாப்பிடும் வீட்டில் தைராய்டு வருமா?

கேள்வி: நாங்கள் காசிமேட்டில் இருக்கிறோம். வீட்டில் அடிக்கடி மீன் குழம்புதான். உப்பும் அயோடின் உப்புதான். ஆனாலும் என் ஏழு வயது மகளுக்குத் தைராய்டு குறைவு என்கிறார்கள். தலையில் ஒரு ரூபாய் அளவுக்கு முடி கொட்டி வழவழவென்று இருக்கிறது. போர் தண்ணீர்தான் காரணம் என்கிறார் மாமியார். புழு வெட்டியிருக்கிறது, சின்ன வெங்காயம் தேய் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எதை நம்புவது டாக்டர்?
– ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: நல்ல இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள் சகோதரி. தைராய்டு என்றாலே அயோடின் குறைவு என்று நாம் நினைப்பதற்குக் காரணம் உண்டு. இமயமலை அடிவாரத்தில் அயோடின் போதாமல் பலருக்குக் கழுத்து வீங்கியது. அதைத் தடுக்க 1962இல் அரசு ஒரு தேசியத் திட்டமே தொடங்கியது. அயோடின் உப்பு பரவியது அதன் பிறகுதான்.

அயோடினுக்குக் குறைவில்லாத ஊர்களில் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குத் தைராய்டு குறைய முக்கியக் காரணம் வேறு. கிருமியோடு போராட வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, சொந்தச் சுரப்பியையே தாக்குகிறது. இதற்குத் தன்னெதிர்ப்பு நோய் என்று பெயர். தைராய்டில் வரும் இந்த நோயை 1912இல் முதலில் விவரித்தவர் ஹகாரு ஹஷிமோட்டோ. மீனும் கடற்பாசியும் தாராளமாகச் சாப்பிடும் ஜப்பானைச் சேர்ந்தவர். ஆகவே உங்கள் சமையலில் தவறில்லை. மீனை நிறுத்தவும் வேண்டாம்.

இனி முடி. தைராய்டு குறைந்தால் முடி வறண்டு, தலை முழுக்கப் பரவலாக மெலியும். மாத்திரையால் அளவு சீரானபின் சில மாதங்களில் தேறிவிடும். வட்டமாக, வழவழப்பாகக் கொட்டுவது வேறு. ஊரில் புழுவெட்டு என்பார்கள். ஆனால் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. அதே எதிர்ப்புச் சக்தி இங்கே முடியின் வேரைத் தாக்குகிறது. அதனால்தான் ஒரே பிள்ளைக்கு இரண்டும் வருவதுண்டு. உப்புத் தண்ணீர் முடியை முரடாக்கும், நுனியை உடைக்கும்; வட்டமாக வழுக்கை விழ வைக்காது.

தைராய்டு மாத்திரை மட்டுமே இந்த வட்டத்தைச் சரிசெய்துவிடாது. ஆனால் வேர் சாகவில்லை. சிறு வட்டங்கள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் தாமாகவே முளைத்துவிடும், சிலருக்குத் திரும்பவும் வரும். வெங்காயச் சாறு பிஞ்சுத் தோலைப் புண்ணாக்கும், வேண்டாம். அந்த இடத்தில் செதிலும் அரிப்பும் முறிந்த முடியும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று, அதாவது படர்தாமரை. அதற்கு மருந்தே வேறு. உங்கள் பக்கத்திலேயே இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள்.

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துச் சாப்பாடு கொடுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மருந்துகள் கொடுப்பதாக இருந்தால் நாலு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். இல்லையென்றால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. ரத்தப் பரிசோதனைக்குச் சொன்ன தேதியில் தவறாமல் போங்கள்.

எல்லோர் கண்ணும் முடிமேல் இருக்கும். நீங்கள் உயரத்தைக் கவனியுங்கள். பிள்ளைக்குத் தைராய்டு குறைந்தால் வளர்த்தியும் மந்தமாகும். இந்த வயதில் ஆண்டுக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர வேண்டும். கதவோரத்தில் நிற்க வைத்துக் கோடு போடுங்கள், தேதியையும் எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தக் கணக்கையும் கொண்டுபோங்கள். மருந்தின் அளவு சரிதானா என்று பார்க்க அது அவருக்கு உதவும்.