ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்

அன்புள்ள தம்பி,

மயக்கவியலில் எம்.டி. முடித்து நெய்வேலிக்கு வேலைக்கு வருகிறாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். குவார்ட்டர்ஸ், அகலமான ரோடு, மரநிழல் எல்லாம் நீயே பார்த்துக்கொள்வாய். நான் ஆபரேஷன் தியேட்டரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உன் டேபிளுக்கு வருகிறவர்களில் பலர் சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ வேலை பார்த்தவர்களாக இருப்பார்கள். பெர்மிட் கைக்கு வராமல் மோட்டாரைத் தொடாதவர்கள். பிரேக்கரை யார் ஆஃப் செய்தது, சாவி யாரிடம் என்று கேட்டுவிட்டுத்தான் கன்வேயர் பக்கம் போவார்கள். அதனால் எந்தப் பக்கத்துக் கால், கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்று அவர்களிடம் மூன்றாவது தடவை கேட்டாலும் பொறுமையாகச் சொல்வார்கள். சலித்துக்கொள்வது நம் ஆட்கள்தான். “காலையிலேயே கேட்டாச்சு சார்” என்று ஒரு குரல் வரும். பரவாயில்லை, கேள்.

இப்படிக் கேட்டுச் சரிபார்க்கத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. அதை டெல்லி உட்பட 8 நகரங்களில் சோதித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. 2014-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. அங்கே பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இரண்டையும் நான் நம்புகிறேன். டீமே நின்று வாய்விட்டுச் சொல்கிற தியேட்டரும் உண்டு, கேஸ் முடிந்தபின் மொத்தமாக டிக் போடுகிற தியேட்டரும் உண்டு. நம் ஊரில் இரண்டாவது வகையைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்த ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது: தீக்காயம். 2020-ல் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே 7-ம் தேதி ஒரு கொதிகலன் விபத்து. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 1 அன்று இன்னொன்று. மருத்துவர் தினத்தன்று காலை அது. அன்றே 6 பேர் போய்விட்டார்கள். அதன் பிறகும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. காயம்பட்டவர்களைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே போக ஏறக்குறைய 200 கிலோமீட்டர், பண்ருட்டி, விக்கிரவாண்டி, திண்டிவனம் என்று.

அப்படி ஒருவர் வந்தால் முதல் அரை மணி நேரம் உன்னுடையது. முகம் வெந்திருக்கும், மூக்கு முடி பொசுங்கியிருக்கும், துப்பினால் கரி வரும். ஆனால் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பார், வீட்டுக்குப் போன் போடச் சொல்வார். “நல்லாத்தான் பேசுறார், அனுப்பிடலாம்” என்பார்கள். குரல் கரகரப்பாகிவிட்டதா என்று நீ காது கொடுத்துக் கேள். தொண்டை வீங்கச் சில மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் வண்டி திண்டிவனம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும், உள்ளே மூச்சுக்குழாயில் டியூப் போடத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். சந்தேகம் இருந்தால் இங்கேயே டியூப் போட்டுவிட்டு அனுப்பு. டியூபை வெட்டிக் குட்டையாக்காதே. உதடும் கன்னமும் வீங்கும்போது அது உள்ளே இழுபட்டுப் போகும். வெந்த தோலில் பிளாஸ்டர் நிற்காது, நாடாவால் கட்டு, வீக்கம் ஏற ஏற நாடாவைத் தளர்த்தச் சொல்லி அனுப்பு. டியூப் போடத் தசையைத் தளர்த்தும் ஸ்கோலினை முதல் நாள் கொடுக்கலாம். அதே ஆள் பத்து நாள் கழித்துத் தோல் ஒட்ட வரும்போது அந்த ஆம்பூலைத் தொடாதே. ரத்தத்தில் பொட்டாசியம் எகிறி இதயம் டேபிளிலேயே நின்றுவிடும்.

டியூப் போட்டதும் கண் நேராக, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் கேப்னோகிராஃபுக்குப் போகட்டும். டியூபில் பனி படிவதும் ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்பதும் உணவுக்குழாயில் போட்டாலும் நடக்கும். மூச்சுக்கு மூச்சு அலை வரவில்லையென்றால் வேறு விதமாக நிரூபிக்கும்வரை டியூப் தப்பான இடத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொள். பல்ஸ் ஆக்சிமீட்டர் தாமதமாகத்தான் சொல்லும். 

அதே போல ஆக்சிஜன் அனலைசரையும் பார். 2011-ல் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்சைடு போய்விட்டது. பின்னர் அவர் இறந்துபோனார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கருப்பு உடம்பு, வெள்ளைத் தோள் என்று சிலிண்டரின் நிறத்தைப் பார்ப்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தினமும் காலையில் அறைக்காற்றில் அனலைசர் 21 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு முதல் கேஸை எடு.

புதுசாக ஒரு தலைவலி வந்திருக்கிறது, உடல் எடைக்கும் சர்க்கரைக்கும் போடுகிற செமாகுளுடைட் வகை மருந்துகள். இவற்றைப் போட்டுக்கொண்டால் வயிறு காலியாக நேரமாகும். ஆறு மணி நேரம் பட்டினி இருந்தவருக்கும் உள்ளே சாப்பாடு கிடக்கலாம். வாராந்திர ஊசியை ஒரு வாரம் நிறுத்துங்கள் என்று அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2023-ல் சொன்னது. அடுத்த வருடமே, எல்லோரும் நிறுத்த வேண்டாம், ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று அவர்களே மற்றச் சங்கங்களோடு சேர்ந்து மாற்றிச் சொன்னார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் நோயாளி தானாகச் சொல்லமாட்டார். “என்ன மாத்திரை?” என்றால் பிரஷர் மாத்திரையைக் காட்டுவார். “வாரத்துக்கு ஒரு ஊசி ஏதாவது போடுறீங்களா?” என்று கேட்டால்தான் அமெரிக்காவிலிருந்து மகன் போடச் சொன்ன ஊசி வெளியே வரும். வாந்தி, வயிற்று உப்புசம் இருக்கிறதா என்றும் விசாரி. இருந்தால் வயிற்றில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்.

இன்னொன்று. கொஞ்ச நாளில் சுற்றுப்பக்க நர்சிங் ஹோம்களிலிருந்து ராத்திரி போன் வரும். “சின்னக் கேஸ் டாக்டர், பத்தே நிமிஷம்” என்பார்கள். கேப்னோகிராஃப் இருக்கிறதா, சக்ஷன் வேலை செய்கிறதா, கேஸ் முடிந்தபின் நோயாளி பக்கத்தில் உட்கார ஒரு நர்ஸ் உண்டா என்று போனிலேயே கேட்டுவிடு. இல்லையென்றால் வரமுடியாது என்று அப்போதே சொல்லிவிடு. அங்கே போய் நின்ற பிறகு சொல்வது ரொம்பக் கஷ்டம். அதற்குள் நோயாளியைத் தியேட்டருக்குள் கொண்டுவந்திருப்பார்கள்.

அன்புடன்,
உன் பழைய சீனியர்