அகத்தியர்கூடம் ஏற்றமும் உயரம் புகட்டும் பாடமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், கேரளத்துக்கும் திருநெல்வேலிச் சீமைக்கும் இடையே ஓங்கி நிற்பது அகத்தியர்கூடம். பொதிகை எனத் தமிழ் மக்கள் போற்றும் மலைத் தொகுதியைச் சேர்ந்த இச்சிகரம் கடல் மட்டத்திற்கு மேல் 1,868 மீட்டர் உயரமுள்ளது. நெய்யாறும் கரமனையாறும் இத்தொகுதியின் மேற்குச் சரிவுகளிலும், தாமிரபரணி கிழக்குச் சரிவிலும் உற்பத்தியாகின்றன. 2001-இல் இப்பிரதேசம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் இடம் பெற்றது.

உயரம் மாறும்போது காற்று, வெப்பம், தாவரம், மனித உடல் ஆகியவற்றில் நிகழும் மாறுதல்களைப் பாடநூலில் படிப்பதைவிட நேரில் கண்டறிய இம்மலை நல்லதொரு சாதனமாகும். அப்பாடத்தை உடனிருந்து விளக்கும் வழிகாட்டியின் அறிவும் எத்துணை மதிப்புடையது என்பதை இம்மலையின் வரலாறே காட்டுகின்றது.

மூன்று நாள் பயணம்

சிகரத்திற்குச் செல்வோர் புறப்படும் இடம் போனக்காடு. பழைய தேயிலைத் தோட்டத்தை அடுத்துள்ள வன இலாகாவின் சாவடியில் அனுமதிச் சீட்டு சரிபார்க்கப்படும். வழக்கமான பருவம் ஜனவரி நடுவில் தொடங்கும். உயர்நீதி மன்றம் 2018-இல் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, 2019 ஜனவரி முதல் பெண்களும் சிகரம் வரை செல்கின்றனர்.

முதல் நாள் ஏறத்தாழ 15 கிலோ மீட்டர் நடந்து, அதிருமலை என்னும் தங்குமிடத்தை அடைதல் வேண்டும். நிழல் நிறைந்த பசுமைக் காட்டையும் ஓடைகளையும் கடந்தபின், மரமற்ற புல்வெளி வருகின்றது. அதற்கப்பால் ஏழுமடக்குத்தேரி, முட்டிடிச்சான்தேரி என்னும் செங்குத்தான ஏற்றங்கள் உள்ளன. ஏறும்போது முழங்கால் முகத்தில் இடிக்கும் என்பதே பின்னதன் பெயர்க் காரணம்.

இரண்டாம் நாள் சிகரத்தை அடைந்து, அன்றே அதிருமலைக்குத் திரும்ப வேண்டும். ஈற்றை எனப்படும் நாணல் மூங்கிற் புதர்களைக் கடந்தால் பொங்காலைப்பாறை தோன்றும். அதற்கு மேல் மரங்கள் குறுகி வளைந்து நிற்கின்றன. இறுதியில் வழுக்குப் பாறைகளின் மீது கயிற்றைப் பற்றி ஏறுதல் அவசியமாகின்றது. உச்சியில் அகத்திய முனிவரின் சிலை உள்ளது. மூன்றாம் நாள் போனக்காட்டிற்கு இறங்குவர்.

உயரத்தின் விளைவுகள்

வாயு மண்டலத்தின் கீழ்ப்பகுதியில், 1,000 மீட்டர் உயரத்திற்குச் சராசரி 6.5 டிகிரி சென்டிகிரேடு வீதம் வெப்பநிலை குறைகின்றது. ஆகவே திருவனந்தபுரம் கடற்கரையில் 30 டிகிரி வெப்பம் இருக்கும்போது, சிகரத்தில் 18 டிகிரி அளவே எதிர்பார்க்கலாம். பலத்த காற்றும் மூடுபனியும் சேரும்போது குளிர் இன்னும் மிகுதியாகத் தோன்றும். மரங்கள் உச்சியருகே குட்டையாகிப் போவதற்குக் காற்றின் வேகமும், பாறை மீதுள்ள மண்ணின் ஆழக்குறைவும் முக்கிய காரணங்கள்.

சிகரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் ஐந்தில் நான்கு பங்காகும். இந்த அளவுக் குறைவை ஆரோக்கியமான உடல் பொதுவாகத் தாங்கிக் கொள்ளும். 2,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலேயே தலைவலி, குமட்டல், தூக்கமின்மை முதலிய மலை நோய்க் குறிகள் பெரும்பாலும் தோன்றுகின்றன.

ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த மலையாகிய கிலிமஞ்சாரோவுடன் ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். தான்சானியா நாட்டிலுள்ள அதன் உயரம் 5,895 மீட்டர். அடிவாரத்தில் வாழை, காப்பித் தோட்டங்கள். அதற்கு மேல் மழைக்காடு, புதர்நிலம், வறண்ட பாழ்நிலம், முடிவில் பனிக்கட்டி எனத் தாவர வலயங்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. உச்சியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியே. மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வாறே குறைகின்றது. ஆகையால் அங்கு ஏறுவோர் ஐந்து முதல் எட்டு நாட்கள் எடுத்துக் கொண்டு, உடலைப் படிப்படியாகப் பழக்குகின்றனர். அங்கு பல நாட்கள் தேவைப்படுவது பிராணவாயுவின் குறைவால். அகத்தியர்கூடத்தில் தேவைப்படுவது தூரத்தாலும் செங்குத்தான ஏற்றத்தாலும். இங்குள்ள அபாயங்களும் வேறு: களைப்பு, வழுக்கு, வழி தவறல், காட்டு யானை.

வழிகாட்டியின் அறிவு

யானை அண்மையில் கடந்ததை இலத்தியின் ஈரத்தாலும் முறிந்த ஈற்றையாலும் அறிவதற்கும், மூடுபனி சூழுமுன் குழுவைத் திருப்புவதற்கும் நீண்ட பழக்கம் வேண்டும். அவ்வறிவு உடையவர் இம்மலையின் பழங்குடியினராகிய காணி மக்கள்.

1855-இல் திருவிதாங்கூர் வான ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரான ஜான் ஆலன் பிரௌன் இச்சிகரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். காந்த ஊசியின் அன்றாட அசைவு உயரத்தில் எவ்வாறு மாறுகின்றது என்பதைத் திருவனந்தபுரத்தின் அளவுகளோடு ஒப்பிடுவது அவர் நோக்கம். அந்நோக்கல்களின் தொகுதி 1874-இல் அச்சாகியது. நுண்ணிய கருவிகளைக் காட்டு வழியே உச்சிக்குச் சுமந்தவரின் உழைப்பின்றி அவ்வேலை நடந்திராது. எனினும் நூலின் முகப்பில் நிற்பது பிரௌன் பெயரே. 1889-இல் கிலிமஞ்சாரோவின் உச்சியை அடைந்தவராக ஹான்ஸ் மேயர், லுட்விக் பூர்ட்ஷெல்லர் என்ற இருவரும் போற்றப்படுகின்றனர். அவர்களுக்காகச் சுமை தூக்கிய ஆப்பிரிக்கர்களைப் பற்றிப் பொதுவாக எவரும் பேசுவதில்லை.

இந்நிலை மாறுவதற்கு அகத்தியமலையே ஓர் எடுத்துக்காட்டைத் தந்தது. 1987-இல் விஞ்ஞானிகள் குழுவொன்று இக்காட்டில் ஆய்வுப் பயணம் மேற்கொண்டது. நடந்து களைத்த அவர்கள், உடன் வந்த காணி வழிகாட்டிகள் ஒரு சிறு செடியின் காய்களைத் தின்று சோர்வின்றி நடப்பதைக் கண்டனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்ப மண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அதனை ஆராய்ந்து, ‘ஜீவனி’ என்னும் மருந்தைத் தயாரித்தது. 1995-இல் அதன் தயாரிப்பு உரிமை 10 லட்ச ரூபாய்க்கும், விற்பனையில் 2 சதவீதப் பங்கிற்கும் அளிக்கப்பட்டது. வருவாயில் பாதி காணி மக்களுக்கு என முடிவாயிற்று. அதனைப் பெறுவதற்கு 1997-இல் அவர்களுடைய அறநிதி அமைப்பு பதிவு செய்யப்பட்டது. மரபறிவுக்கு உரியவரோடு பலனைப் பகிர்ந்து கொள்வதில் உலகம் கவனித்த முன்னோடி ஏற்பாடுகளுள் இது ஒன்று. 2002-ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டமும் இந்நெறியை வலியுறுத்துகின்றது.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை

போனக்காடு, அதிருமலை, பொங்காலைப்பாறை, சிகரம் ஆகிய நான்கு இடங்களிலும் வெப்பநிலையை நிழலில் அளந்து, நேரத்துடன் குறித்துக் கொள்க. காலையில் ஓரிடத்திலும் நண்பகலில் வேறோரிடத்திலும் எடுத்த அளவுகளை நேரடியாக ஒப்பிடுதல் தவறான முடிவைத் தரும்; ஆகையால் திரும்பும் வழியிலும் அளத்தல் நலம். ஒவ்வோரிடத்திலும் மரங்களின் உயரத்தைக் கண்ணளவாகக் குறிக்கலாம். செடிகளையும் விதைகளையும் எடுத்து வருதல் கூடாது. இம்மலைக்கே உரிய ஆர்க்கிட் வகையொன்று சேகரிப்போரால் அழியும் நிலைக்கு வந்துள்ளது.

வழிகாட்டி ஒரு செடியின் பயனை நம்பிக்கையுடன் கூறினால், அவருடைய இசைவின்றி அதனை வெளியிடலாகாது. இசைவு பெற்று எழுதும்போது, அவர் விரும்பினால், அவர் பெயரையும் அறிக்கையில் சேர்த்தல் களப்பணியாளரின் கடமையாகும்.