தாடை வலியும் வைட்டமின் டி குறைபாடும்

காலையில் எழும்போது தாடை இறுகியிருக்கிறதா? முறுக்கு கடித்தால் காதுக்கு முன்புறம் வலிக்கிறதா? தூக்கத்தில் பற்களைக் கடிப்பதால் மெல்லும் தசைகள் களைத்திருக்கலாம்.

வைட்டமின் டி குறைந்தாலும் தசைகள் வலுவிழந்து வலிக்கலாம். சிங்கப்பூரில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனாலும் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் மூத்தோருக்கு, அதிலும் கருமையான சருமம் உள்ளவர்களுக்கு, இக்குறைபாடு ஏற்படலாம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மருத்துவர் தரும் மாத்திரை குறைபாட்டைச் சரிசெய்யப் பல வாரங்கள் ஆகும். தாடை வலியை அது மட்டுமே போக்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சீக்கிரம் குணமாக வேண்டுமென்று இரட்டிப்பாகவும் சாப்பிடாதீர்கள். அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் கூடி, சிறுநீரகம் பாதிக்கப்படலாம். பிள்ளைகள் வாங்கித் தந்த சத்து மாத்திரைகளிலும் வைட்டமின் டி இருக்கக்கூடும்; போத்தல்களை மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள்.

இதற்கிடையே தாடைக்கு ஓய்வு கொடுங்கள். இட்லி, கஞ்சி போன்ற மென்மையான உணவைச் சாப்பிடுங்கள். வெற்றிலை பாக்கு வேண்டாம். அது வாய்ப் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். வெதுவெதுப்பான ஈரத் துணியால் 10 முதல் 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். வாயை மூடியிருக்கும்போது மேல் பற்களும் கீழ்ப் பற்களும் தொடாமல் இருக்கட்டும்.

தாடை வலியுடன் நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 995 எண்ணை அழையுங்கள். மெல்லும்போது தாடை வலிப்பதோடு, நெற்றிப்பொட்டில் புதிதாக வலியோ பார்வை மங்கலோ ஏற்பட்டால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தக் குழாய் அழற்சியாக இருந்தால் பார்வை பறிபோகக்கூடும்.