இருபத்தோரிலக்க எண்ணொன்றின் ஆராய்ச்சி

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெவ்வெண்ணாலும் மிச்சமின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். 2, 3, 5, 7 முதலியன அத்தன்மையன. அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த தொகையில் ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 என்னும் எண் கிட்டும். இது பகா எண்ணா, அன்றா என்பதே நாம் ஆராயப் புகும் பொருள்.

1644ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துத் துறவியும் கணித வல்லுநருமாகிய மரேன் மெர்சேன் என்பார், இவ்வாறு இரண்டுகளைப் பெருக்கி ஒன்று குறைத்துப் பெறும் எண்களுள் பகா எண்களாவன இவையென ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67 இடம் பெற்றது. நிரூபணம் இடம் பெறவில்லை. சொன்னவர் பெரியவர் என்பதனால் அச்சொல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1876இல் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணிதர் அது பகா எண் அன்று என்று நிறுவினார். ஆயினும் அதனை வகுக்கும் எண்கள் எவையென அவரால் காட்டக்கூடவில்லை. (அப்பட்டியலில் 257உம் பிழையே, 61, 89, 107 ஆகியன சேர்ந்திருக்க வேண்டியவை, விடுபட்டன.)

1903 அக்டோபரில் நியூயார்க் நகரில் அமெரிக்கக் கணிதக் கழகம் கூடியது. பிராங்க் நெல்சன் கோல் என்னும் பேராசிரியர் எழுந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், கரும்பலகையில் 193707721 என்பதை 761838257287 என்பதால் பெருக்கிக் காட்டி அமர்ந்தாராம். விடை மேற்கண்ட இருபத்தோரிலக்க எண்ணே.

இவ்வகுஎண்களை எங்ஙனம் தேடுவது? இதற்கு ஒரு விதியுண்டு. பெருக்கிய இரண்டுகளின் தொகை பகா எண்ணாயின், அதனை இரட்டித்து, அதன் மடங்கோடு ஒன்று கூட்டி வருவனவே வகுஎண்களாக இயலும். சிறியதொன்றில் காண்போம். பதினோரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்று குறைத்தால் 2047. அது 23ஐ 89ஆல் பெருக்கியது. 23 என்பது 22உடன் ஒன்று. 89 என்பது நான்கு 22உடன் ஒன்று. அவ்வாறே 67க்கு 134ஐக் கொள்க. 193707721இல் ஒன்று கழித்து 134ஆல் வகுத்தால் மிச்சமின்றி 14,45,580 வரும். ஒவ்வொரு மடங்காகச் சோதிப்போன் அத்தனை படி ஏறிய பின்னரே முதல் வகுஎண்ணைக் காண்பான்! கோல் அங்ஙனம் ஏறவில்லை. வர்க்க மிச்சங்களைச் சல்லடையாக்கிப் பெரும்பாலானவற்றை முன்னரே கழித்துவிட்டார்.

பஞ்சாலையில் நாம் சிப்பக் கணக்குச் சரிபார்த்த ஒன்பது தள்ளும் முறை இங்கும் உதவும். 193707721இன் இலக்கங்களைக் கூட்டினால் 37, மீண்டும் கூட்டினால் 10, பின் 1. மற்றதன் கூட்டு 64. அதுவும் 10, பின் 1. ஒன்றை ஒன்றால் பெருக்க ஒன்றே. பெரிய எண்ணின் கூட்டு 109. அதுவும் ஒன்றில் முடியும். ஆனால் இம்முறை பிழையைப் பிடிக்குமேயன்றிச் சரியென்று நிறுவாது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறி நின்றாலும் கூட்டு மாறாதன்றோ? முழுப் பெருக்கலே முடிவான சோதனை. ஒரு முழுத்தாளும் ஒரு மாலைப்பொழுதும் போதும். ஓரிலக்கம் வேறுபட்டாலும் நமக்கு எழுதுக.