வெறுநிலத்தை மூடும் படர்செடிகள்



தெல்லிப்பழையின் செம்மண் வளமுடையது. ஆயினும் பலவிடங்களில் அதன் ஆழம் சிறிது. கீழே சுண்ணாம்புக்கல் உளது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மாரி, மூடாது கிடக்கும் மேன்மண்ணை அரித்துச் செல்கின்றது. பின்வரும் கோடை எஞ்சியதை இறுகச் செய்கின்றது. கிணற்றடி, வாய்க்காற்கரை, வேலியோரம், வரம்பு ஆகியவையே இவ்வாறு பெரிதும் கெடுவன. பயிரிடவும் இயலாத, வெறுமையாக விடவும் ஆகாத இவ்விடங்களுக்குப் படர்ந்து வேரூன்றும் செடிகளே தக்கவை.

1990ஆம் ஆண்டு மக்கள் இடம்பெயர்ந்தபின் வலிகாமம் வடக்கிற் பல தோட்டங்கள் நெடுங்காலம் பயிரின்றிக் கிடந்தன. 2009ஆம் ஆண்டின் பின்னர் அவற்றிற் பல பகுதிபகுதியாக உரியவர்களிடம் திரும்பின. பற்றை வெட்டிய நிலத்தை வெறுமையாக விடின் பார்த்தீனியம் முதலிய களைகள் அதனைக் கைப்பற்றும். பார்த்தீனியத்தைப் பூக்குமுன், கையுறை அணிந்து, வேரோடு பிடுங்குக. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத காணியில் மண்வெட்டி இடலாகாது.

செடியைத் தெரிதல்

நடுமுன் மூன்றனைக் கவனிக்க: வெயில் எவ்வளவு? ஈரம் எவ்வளவு? அருகில் மரக்கறிப் பாத்தி உண்டா? மூன்றாவதை மறப்போரே பின்னர் வருந்துவர். வரட்சியைத் தாங்கிப் படரும் வலிமையே பாத்தியினுள் நுழையும் வலிமையுமாகும்.

கிணற்றடி: ஈரமும் அரைநிழலும் உள்ளவிடத்து வல்லாரை நன்று. வேர்விட்ட கணுத்துண்டுகளை அரையடி இடைவெளியில் நடுக. சவர்க்கார நீர் பாயுமிடத்து வளர்ந்த இலையைக் கறிக்குக் கொள்ளலாகாது.

வாய்க்காற்கரை: வெயிலும் இடையிடையே ஈரமும் உள்ளவிடத்துப் பொடுதலையை ஓரடி இடைவெளியில் நடுக. அது நிலத்தோடு ஒட்டிப் படரும், மிதிபட்டாலும் மீளும், அதன் பூவைத் தேனீக்கள் நாடும்.

வரம்பு: வயல் வரம்பை இறுகப் பிடிப்பது அறுகு. எனினும் அதன் நிலக்கீழ்த் தண்டு நெடுந்தூரம் ஓடும். ஆதலின் மிளகாய், வெங்காயப் பாத்திகளின் ஓரத்தில் அதனை நடாதீர்.

கடற்கரை மணல்: கீரிமலைப் பக்கத்து மணற்காணிகளுக்கு அடம்பன்கொடி பொருந்தும், உவர்க்காற்றை அது தாங்கும்.

அழகுக்காக விற்கப்படும் மஞ்சட்பூ வெடேலியாவை நடாதீர். அது எல்லை மீறிப் பரவி ஏனைய செடிகளை நெரிக்கும்.

நடுதலும் பேணலும்

புரட்டாதிக் கடைசியில் நிலத்தைக் கொத்திக் களையின் வேரை நீக்குக. மக்கிய சாணப் பசளை இடுக. முதல் மழையோடு நடுக. மழை தவறின் வேரூன்றும்வரை நீர் விடுக. செடிகள் ஒன்றையொன்று தொடும்வரை கையாற் களை பிடுங்குக. பாத்திப் பக்கத்து ஓரத்தை மாதம் ஒருமுறை மண்வெட்டியால் நேராக வெட்டி விடுக.

கிணற்றருகே களைநாசினி தெளிக்க வேண்டாம். இக்குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மண்ணில் வீழ்வது சுண்ணாம்புக்கல்லின் பிளவு வழியே இறங்கி, நாம் குடிக்கும் நீரிற் கலக்கக்கூடும்.

இவ்வாண்டு ஒரு சிறு மூலையில் மட்டும் நட்டுப் பார்க்க. அடுத்த ஆவணி வெயிலிலும் அது பசுமையாக நின்று, பாத்தியினுள் நுழையாதிருப்பின், அதன் துண்டுகளையே எடுத்து ஏனைய இடங்களில் நடுக. விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை, அயலவருக்கும் கொடுத்துதவலாம்.